மழையில் கரைந்த சிவப்பு ஒன்று

ஜெனி, முதலில் உட்கார். கூரியர்காரன் கொடுத்த கவரை வாசலில் நின்றபடியே கிழித்துப் படிப்பவள் நீ. இதை அப்படிப் படிக்கக் கூடாது. மின்விசிறியைப் போட்டுக்கொண்டு, தண்ணீர் குடித்துவிட்டு உட்கார். அண்டார்டிகா போகிற குழுவில் உன் பெயர் வந்துவிட்டது என்று நீ போனில் சொன்னதிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பூசை முடிந்து மாதா கோவிலை விட்டு வெளியே வருவதற்குள் பாதித் தெருவுக்குச் சொல்லிவிட்டேன். மீன்காரம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு, "அவ்ளோ தூரமா? அந்த ஊர்ல மீனு கெடிக்குமா, இன்னா துன்னும் பொண்ணு?" என்று கேட்டாள். அந்த ஊரைச் சுற்றியே கடல்தான் என்றேன். அவளுக்குப் பெரிய நிம்மதி. எனக்கு அன்று மட்டும் இரண்டு சங்கரா கூடுதலாகப் போட்டுவிட்டுப் போனாள்.

அடுத்ததையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். போன வியாழக்கிழமை காலையில் உன் அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்தது. அம்பத்தூருக்குக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். ஒரு அடைப்பு இருந்தது, ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்துவிட்டார். இப்போது வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சர்க்கரை போடாத காபியைத் திட்டிக்கொண்டிருக்கிறார். அவரைப் பற்றிப் பயப்பட இன்றைக்கு ஒன்றும் இல்லை. ஆனால் நீ அடுத்த வாரத்துக்குள் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும். கப்பல் போய் இறக்கிவிட்டால் கடல் உறைந்துவிடும், அடுத்த கோடை வரை யாருக்கு என்ன ஆனாலும் திரும்ப முடியாது. இதை நீயே எனக்குச் சொல்லியிருக்கிறாய். அதனால்தான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே உன் அப்பா என் கையைப் பிடித்து, "அவ கிட்ட மூச்சு உடாத. தெரிஞ்சா போமாட்டா. கப்பல் ஏறட்டும், அப்பறம் சொல்லிக்கலாம்" என்றார். நான் பதில் சொல்லவில்லை. சரி என்று எடுத்துக்கொண்டார். இத்தனை வருஷம் என்னோடு குடித்தனம் நடத்தியும் அவருக்கு என் வாய் மூடியிருந்தால் என்ன அர்த்தம் என்று தெரியவில்லை பார்!

போனில் சொல்லலாம் என்றால் அவர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அதனால் இந்தக் கடிதம். ஏன் அவர் பேச்சை மீறுகிறேன் என்று நீ கேட்பாய். அதற்கு அந்த கோல்ஃப் போட்டியின் கதையைச் சொல்ல வேண்டும். பாதிக் கதை உனக்குத் தெரியும். பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு ஏரித் தண்ணீரில் இறங்கிப் பந்தை அடித்ததை உன் அப்பா உனக்குச் சோறு ஊட்டும்போதெல்லாம் நடித்துக் காட்டியிருக்கிறார். கரண்டிதான் மட்டை, ரசம்தான் ஏரி. மீதிப் பாதி என்னுடையது. அது ஏணி மேல் நடந்தது.

எண்பதுகளில் நான் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு மோட்டார் பம்பு கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டர். மண்ணூர்பேட்டையில் எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போய்விடுவேன். எங்கள் முதலாளிக்கு கோல்ஃப் பைத்தியம். சும்மா விளையாடிவிட்டுப் போகிற பைத்தியம் இல்லை. ஆவடியைத் தாண்டி திருநின்றவூர்ப் பக்கம் ஏரிக்கரையை ஒட்டி அவருக்கு நிலம் இருந்தது. அதில் பதினெட்டுக் குழியும் வெட்டி, பம்பின் பெயரையே வைத்து, காசுக்கு ஆடுகிற தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கென்று போட்டியே ஆரம்பித்துவிட்டார். முதல் வருஷம் வந்தவர்களை விடப் பரிமாற வந்த எங்கள் கேன்டீன்காரர்கள் அதிகம். ஆட்டக்காரர்கள் சிரித்தார்கள், ஏனென்றால் குழியைச் சுற்றிப் புல்லே இல்லை. ஏரித் தண்ணீர் பாசனத்துக்கு, புல்லுக்கு எங்கே போவது? மணலில் எண்ணெய் கலந்து கெட்டியாக்கிப் பாய் போல் பரப்பியிருந்தார்கள். பிரவுன் என்பார்கள். ஒவ்வொருவர் பந்தை உருட்டுவதற்கு முன்னாலும் ஒரு ஆள் கயிற்றுப் பாயை இழுத்துக் கால் தடத்தை அழித்துவிட வேண்டும். அடுத்த வருஷம் சிரித்தவர்களே திரும்பி வந்தார்கள். அதற்கு அடுத்த வருஷம் கல்கத்தாவிலிருந்து, டில்லியிலிருந்து, சிலோனிலிருந்தெல்லாம் வந்தார்கள். ஷாமியானா என்ன, பேண்டு வாத்தியம் என்ன, ஸ்டேஷனிலிருந்து ஆட்களை ஏற்றி வர கம்பெனி லாரி என்ன! கோல்ஃப் என்றால் என்னவென்றே தெரியாத ஜனம் புளிசாதம் கட்டிக்கொண்டு வந்து ஏரிக்கரையில் உட்கார்ந்து, பந்து பறக்கிற திசையெல்லாம் தலையைத் திருப்பி, கைதட்டக் கூடாத இடத்தில் கைதட்டியது.

போட்டி நாட்களில் ஆபீசில் பாதிப் பேருக்கு மைதானத்தில்தான் டூட்டி. எனக்குப் பலகை. கடைசிக் குழிக்கு மேலே மேட்டில் பெரிய ஸ்கோர் பலகை நிற்கும். அதன் பின்பக்கம் தார்ப்பாயின் கீழ் நானும் என் டெலிபோனும். குழிகளிலிருந்து கம்பெனி ஆட்கள் போனில் ஸ்கோர் சொல்வார்கள், நான் எழுதித் தருவேன், டூல் ரூம் மணி அண்ணன் முன்பக்கம் ஏணியில் ஏறித் தகர எண்களை ஆணியில் மாட்டுவார். ஒவ்வொரு குழியையும் இத்தனை அடியில் முடிக்கலாம் என்று ஒரு கணக்கு உண்டு. அதற்கு மேல் எத்தனை அடி கூடுகிறதோ அது கறுப்பு எண். எத்தனை குறைகிறதோ அது சிவப்பு எண். கணக்குக்குச் சரியாக இருந்தால் சைபர். அவ்வளவுதான், இதற்கு மேல் எனக்கும் கோல்ஃப் தெரியாது. தூரத்தில் ஆடுகிறவனுக்கு மற்றவன் எங்கே நிற்கிறான் என்று தெரிய அந்தப் பலகையை விட்டால் வேறு வழி கிடையாது.

உன் அப்பா அப்போது பூந்தமல்லிக்காரர். பட்டணத்துக் கிளப்பில் மற்றவர்களுக்கு மட்டைப் பை தூக்கி, அவர்கள் அடிப்பதைப் பார்த்துத் தானும் அடித்துப் பழகி, பரீட்சை ஆட்டம் ஆடித் தொழில்முறை ஆட்டக்காரர் ஆனவர். சட்டை மட்டும் எப்போதும் இஸ்திரி போட்டிருக்கும். ஒவ்வொரு நாள் ஆட்டம் முடிந்ததும் பலகைக்குப் பின்னால் வந்து தலையை நீட்டி, "ஆபரேட்டர் மேடம், நம்ம கணக்கு இன்னா கீது?" என்பார். உள்ளே வரக் கூடாது என்று நான் விறைப்பாகச் சொல்வேன். மறுநாளும் வருவார். ஒருநாள் நான் எரிச்சலில், "தினமும் இதை என்கிட்ட கேக்கணுமா? உங்க ஸ்கோர் உங்களுக்குத் தெரியாதா?" என்றேன். அவர் சிரிக்காமல் சொன்னார்: "என்து எனக்குத் தெரியும். மத்தவங்கள்து நீங்கதான் சொல்லணும். எவ்ளோ கீதுன்னு கரெக்டா சொல்லிடுங்க மேடம். மீதிய நான் பாத்துக்கறேன்." அந்த நிமிஷம் எனக்கு அவரைப் பிடித்துவிட்டது, ஜெனி. வெட்கப்பட்டுச் சொல்ல இதில் ஒன்றுமில்லை, பிடித்துவிட்டது. அப்புறம் ஆபீசில் வெளியே காட்டிக்கொள்ளாமல் கனெக்‌ஷன் கொடுக்கப் போய், திருமணத்துக்குப் பந்தல்காரரை விசாரிக்க வேண்டிய முதலாளி வீட்டம்மாவுக்கு உரக்கடையைக் கொடுத்துவிட்டேன்.

அந்த வருஷம் தை மாசம், போட்டியின் கடைசி நாள் ஆட்டம். காற்று பேயாக அடித்தது, எல்லாருக்கும் கறுப்பு கறுப்பாக ஏறியது. கல்கத்தாக்காரர் ஒருவர் மட்டும் முன்னாலேயே ஆடி முடித்து, மொத்தக் கணக்கில் ஒன்று குறைவாக, சிவப்பு ஒன்றோடு ஷாமியானாவில் போய் உட்கார்ந்துவிட்டார். உன் அப்பா சைபரில் இருந்தார், இன்னும் சில குழிகள் பாக்கி, சவுக்குத் தோப்புக்கு அந்தப் பக்கம். மணி அண்ணன் பெட்டியைக் குடைந்துவிட்டு, "செவப்பு ஒண்ணு தீந்து பூட்ச்சும்மா" என்றார். நாலு நாள் கணக்குக்கும் சேர்த்து எல்லாச் சிவப்பு ஒன்றும் பலகையில் ஏறியிருந்தது. கறுப்பு ஒன்று நிறைய இருந்தது. பெயிண்டுக்கு எங்கே போவது? ஆனால் நம் எஸ்டேட்டில் எந்த டூல் பாக்ஸைத் திறந்தாலும் அடியில் ஆயுத பூஜைக்கு வாங்கி மிஞ்சின குங்குமப் பொட்டலம் ஒன்று கிடக்கும். மணி அண்ணன் அதைத் தண்ணீரில் குழைத்து, கறுப்பு ஒன்றின் மேல் கெட்டியாகப் பூசினார். லேத்துக்குப் பொட்டு வைத்த கை, கோடு கோணாமல் வந்தது. வெயிலில் காட்டினோம், காய்ந்தது. அசல் பெயிண்டு தோற்றது போ! கல்கத்தாக்காரர் பெயருக்கு எதிரில் மாட்டிவிட்டு இருவரும் தேநீர் குடித்தோம்.

தை மாசத்தில் மழை வரும் என்று யார் கண்டது? திடீரென்று வந்தது. ஷாமியானாவுக்குள் பெரிய மனிதர்கள் ஓடினார்கள், கரையில் இருந்த ஜனம் சாப்பாட்டுத் தட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டது. ஆட்டம் மட்டும் நிற்கவில்லை. நான் பலகைக்குப் பின்னால் டெலிபோனைத் துண்டால் மூடிக்கொண்டிருந்தபோது என் செருப்புக்கு அடியில் சிவப்பாகத் தண்ணீர் ஓடி வந்தது. மணி அண்ணன் பதறிப்போய், "அய்யோ, யாருக்குனா அடி பட்டுச்சா?" என்றார். எனக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. அதே நேரம் போன் மணி. பதினெட்டாவது குழியில் டூட்டி பார்த்த ஸ்டோர்ஸ் கிளார்க். "பூந்தமல்லிக்காரரு மொத அடி சூப்பரா உட்டுட்டாரு. இப்ப பலகையப் பாத்துட்டு சின்ன மட்டைய எடுக்கறாரு. சைபர்லயே முடிச்சா போதும், கப்பு நம்மள்துதான்னு பை தூக்கறவன் கிட்ட சொல்லிக்கினு கீறாரு" என்றான், ஏதோ கல்யாணச் செய்தி சொல்வது போல.

உனக்குப் புரிகிறதா, ஜெனி? அவர் தோப்பைத் தாண்டி வந்து பலகையைப் பார்த்தபோது குங்குமம் கரைந்து போயிருந்தது. அவர் கண்ணுக்குத் தெரிந்தது கறுப்பு ஒன்று. எதிராளி ஒன்று கூட என்றால் தான் சைபரில் முடித்தாலே வெற்றி. அந்தக் கடைசிக் குழி ஏரியைச் சுற்றி வளைந்து போகும். இரண்டாவது அடியைத் தண்ணீருக்கு மேலே நேராக அடிக்கலாம், விழுந்தால் தொலைந்தது. இல்லையென்றால் கரையோரமாக நிதானமாகச் சுற்றிப் போகலாம். அவர் சுற்றிப் போகத் தயாராகிவிட்டார். உண்மையில் அவர் ஒன்று பின்னால் இருக்கிறார்! சுற்றிப் போய்ச் சைபரில் முடித்துவிட்டு, ஜெயித்துவிட்டதாகக் கையைத் தூக்குவார். கல்கத்தாக்காரர் எழுந்து வந்து கோப்பையை வாங்கிக்கொண்டு போவார். அத்தனை ஜனத்துக்கு முன்னால் தூக்கிய கையை அவர் எங்கே வைப்பார்? எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஏணியை எடுங்கள் என்றேன். மணி அண்ணன் நகரவில்லை. அவர் கெட்டவர் இல்லை, உன் ஞானஸ்நானத்துக்கு முதல் ஆளாக வந்து நின்றவர். அன்று சொன்னார்: "உட்டுடும்மா. சேஃபா ஆடிட்டு ரெண்டாவதா வந்துட்டுப் போட்டும். நீ செவப்பு காட்டினா தண்ணி மேலதான் அடிப்பான். உள்ள வுழுந்துச்சுன்னா அஞ்சாவதோ ஆறாவதோ ஆயிடுவான். நல்லதுக்குத்தான் சொல்றேன்." அவர் சொன்னது தப்பே இல்லை. என் நெஞ்சிலும் அதே குரல் கேட்டது. பேசாமல் இருந்துவிட்டால் அவருக்கு இரண்டாம் இடம் நிச்சயம். வாயைத் திறந்தால் எதுவும் நிச்சயமில்லை. ஆனால் எவ்வளவு இருக்கிறது என்று சரியாகச் சொல்லச் சொல்லி என்னிடம் கேட்டிருந்தாரே அந்த மனிதர்! மீதியைத் தான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னவருக்கு அந்த மீதியை நான் யார் திருட?

டெலிபோன் ஒயர் பெட்டியில் சிவப்பு இன்சுலேஷன் டேப் ஒரு சுருள் இருந்தது. அதை வளையல் மாதிரிக் கையில் மாட்டிக்கொண்டு, புடவையைத் தூக்கிச் செருகி, ஏணியில் நானே ஏறினேன். ஆட்டக்காரர்களைப் பார்த்துக் கத்தக் கூடாது என்று எங்களுக்குக் கண்டிப்பான உத்தரவு. பலகையைச் சரியாக வைப்பது என் வேலை, அதை யாரும் தடுக்க முடியாது. கீழே மணி அண்ணன் திட்டிக்கொண்டே ஏணியைப் பிடித்தார். தகரம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது, டேப் ஒட்டவே மாட்டேன் என்றது. முந்தானையால் துடைக்கத் துடைக்க மழை மறுபடி நனைத்தது. கடைசியில் முதுகால் மழையை மறைத்துக்கொண்டு, துடைத்து, பல்லால் கடித்துக் கிழித்து, ஒரு பட்டை ஒட்டினேன். பக்கத்தில் இன்னொன்று. அதன் பக்கத்தில் இன்னொன்று. நல்லவேளை, அது ஒன்று! எட்டாக இருந்திருந்தால் உன் அப்பாவுக்கு வேறு எவளாவதுதான் வாய்த்திருப்பாள்.

ஒட்டிவிட்டு எண்ணை விட்டு நகர்ந்து ஏணியில் ஒண்டிக்கொண்டேன், மறைக்கக் கூடாதே என்று. திரும்பிப் பார்த்தால், மட்டையை ஓங்கியவர் ஓங்கியபடி நிற்கிறார். மெதுவாக இறக்கினார். கையை நெற்றியில் வைத்து மழைக்குள் பலகையைப் பார்த்தார். சின்ன மட்டையைப் பைக்குள் போட்டுவிட்டுப் பெரிய மட்டையை உருவினார். கரையில் இருந்த ஜனத்துக்கு ஏதோ நடக்கிறது என்று மட்டும் தெரிந்துவிட்டது, அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். அடித்தார். பந்து மழைக்குள் போய் மறைந்தே விட்டது. நான் ஏணியில் கண்ணை மூடிக்கொண்டு மாதாவைக் கூப்பிட்டேன். கண்ணைத் திறந்தால் ஜனம் ஓவென்று கத்துகிறது. பந்து ஏரியைத் தாண்டி எதிர்க்கரையில் விழுந்து, ஐயோ, சரிவில் உருண்டு, தண்ணீர் ஓரத்தில் பாதி மூழ்கி நின்றது. இங்கிருந்து நீ கேட்ட கதை: ஷூவைக் கழற்றினது, பேண்ட்டைச் சுருட்டினது, முழங்கால் தண்ணீரில் நின்று வீசினது. தண்ணீரும் சேறும் தாமரை இலையும் பந்தும் எல்லாம் ஒன்றாக மேலே எழும்பின. அதில் பந்து மட்டும் தனியாகப் பிரிந்து போய்ப் பிரவுனில் குழிக்குப் பக்கத்தில் விழுந்தது. பாய் இழுக்கிற ஆள் ஒரு தடவை இழுத்துவிட்டு ஒதுங்கினார். உன் அப்பா உருட்டினார். உள்ளே! சைபர் போய் அவருக்கும் சிவப்பு ஒன்று. சமம்! மணி அண்ணன் ஏணியை விட்டுவிட்டு ஆடப் போய்விட்டார், நான் மேலேயே தொங்கிக்கொண்டிருந்தேன்.

சமமானதால் இருவரும் இன்னொரு குழி ஆடினார்கள். அதில் கல்கத்தாக்காரர் ஜெயித்தார். ஆமாம், ஜெனி, உன் அப்பா தோற்றார். கரண்டி, ரசக் கதையில் இந்த இடம் வருவதற்குள் உனக்குத் தூக்கம் வந்துவிடும், அவருக்கும் வசதி. ரெண்டாவது இடம்தான். மணி அண்ணன் சொன்ன அதே ரெண்டாவது. ஆனால் பரிசளிப்பு முடிந்து சேற்றுக் காலோடு பலகைக்குப் பின்னால் வந்து நின்றாரே, அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். ஜெயித்தவருக்குக் கூட அத்தனை சந்தோஷம் இல்லை. "மேடம், அந்தச் செவப்ப ஒட்டினது நீங்களா?" என்றார். ஆமாம் என்றேன். "ஒட்டாம உட்டிருந்தீங்கன்னா..." என்று ஆரம்பித்தவர் என் கையிலிருந்த டேப் சுருளையே பார்த்துக்கொண்டு நின்றார். மறு ஞாயிறு பூந்தமல்லியிலிருந்து அவர் வீட்டார் பெண் கேட்டு வந்தார்கள். அவர் சட்டையில் அன்றும் இஸ்திரி கலையவில்லை.

அதுதான் கடைசிப் போட்டி. முதலாளி காலமானார், பிள்ளைகளுக்கு இதிலெல்லாம் இஷ்டமில்லை. தொண்ணூறுகளில் மைதானத்தை மனை போட்டு விற்றார்கள். நாம் ஒன்று வாங்கினோம், ஏன் இந்த ஏரி ஓரத்து மனையையே பிடிவாதமாகக் கேட்டார் என்று இப்போது உனக்கே தெரியும். நீ சின்னவளாக இருந்தபோது முருங்கைப் போத்து நட குழி தோண்டினாயே, ஒரு பந்து வந்ததே, யாரோ கோட்டை விட்ட பந்து. அதைக் கையில் வைத்துக்கொண்டு, ஏரிக் கதையைச் சொன்னால்தான் தருவேன் என்று அவரிடம் பேரம் பேசுவாய்.

ஆக, உன் கணக்கு இதுதான். அப்பாவுக்கு ஒரு அடைப்பு, சரி செய்திருக்கிறார்கள். இதயம் நன்றாக வேலை செய்கிறது, மாத்திரை தவறக் கூடாது, நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். இன்னும் ஒரு வருஷத்துக்கு ஒன்றும் ஆகாது என்று எழுதித் தருவீர்களா என்று நான் கேட்டேன். யாருக்குமே அப்படி எழுதித் தர முடியாதம்மா என்றார். எனக்கு உடம்பு திடமாக இருக்கிறது, எதிர்வீட்டுப் பையன் கார் வைத்திருக்கிறான், ஆஸ்பத்திரி தூரமில்லை. நீ போனால் எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். நீ போனால் எனக்குப் பயமாகவும் இருக்கும். இரண்டும் உண்மை, இரண்டையும் ஒட்டிவிட்டேன். போ என்று சொல்ல மாட்டேன், போகாதே என்றும் சொல்ல மாட்டேன். போய்விட்டு அங்கே பனிக்கு நடுவில் ரேடியோவில் தெரிந்துகொண்டு நீ கையை எங்கே வைத்துக்கொள்வாய் என்று நினைத்தால்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே பின்னால் வந்து நின்றுவிட்டார். இரண்டாம் பக்கத்தைப் பிடுங்கிப் படித்தார். சண்டை வரும் என்று நான் தயாராக இருந்தேன். "உங்களுக்கு மட்டும் கரெக்டா சொல்லணும், பொண்ணுக்குச் சொல்லக் கூடாதா?" என்று கேட்டேவிட்டேன். உள்ளே போய் உன் மேஜை இழுப்பறையை உருட்டி அந்தப் பழைய பந்தைக் கொண்டு வந்து வைத்தார். "இதயும் கவர்ல போடு. போறதுன்னா எடுத்துகினு போய் அந்த ஐஸ் மேல ஒண்ணு உடச் சொல்லு. போலன்னா திருப்பி எடுத்தாரச் சொல்லு" என்றார். அதனால்தான் கவர் இப்படி உப்பியிருக்கிறது.

எவ்வளவு இருக்கிறதென்று சரியாகச் சொல்லிவிட்டேன், கண்ணு. மீதியை நீ பார்த்துக்கொள்.

அம்மா